வன்னியில் ஒரு மின் நிலையம் வந்தால் எந்தத் தண்ணீரில் குளிர்விப்பது?

நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் நிலையம் எதுவானாலும், எரிப்பது நிலக்கரியோ விறகோ உமியோ, உண்டான வெப்பத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளியே ஆக வேண்டும். டர்பைனை விட்டு வெளிவரும் ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கினால்தான் கொதிகலன் தொடர்ந்து வேலை செய்யும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் பெரிய விசிறிகளால் காற்று அடிக்க வேண்டும். மின் நிலையம் என்றதும் வேலைவாய்ப்பு, புகை, சாம்பல் எல்லாம் பேசுகிறோம். தண்ணீர்க் கணக்கு கடைசியில்தான் வருகிறது. வன்னியில் அதை முதலில் பேச வேண்டும்.

கணக்குப் பார்க்க வசதியாக, விறகும் உமியும் எரிக்கும் 10 மெகாவாற் உயிர்த்திணிவு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த அளவு நிலையங்கள் இலங்கையில் ஏற்கெனவே இயங்குகின்றன. வன்னியில் நெல்லும் உண்டு, வேலியோரம் விறகுக்குக் கிளிசரிடியா மரம் வளர்க்க நிலமும் உண்டு. (உமியை மட்டும் நம்ப முடியாது. 10 மெகாவாற்றுக்கு நாளுக்கு 250 தொன் உமிக்கு மேல் வேண்டும். அதற்கு ஆயிரம் தொன்னுக்கு மேல் நெல் தினமும் குற்ற வேண்டும். விறகு இல்லாமல் நடக்காது.)

இப்படியான சிறிய நிலையத்தின் செயற்றிறன் நூற்றுக்கு 25 அளவில் இருக்கும். ஒரு மெகாவாற் மணி மின்சாரத்துக்கு இரண்டே கால், இரண்டரை மெகாவாற் மணி வெப்பம் ஒடுக்கி (டர்பைன் ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும் பகுதி) வழியே போகும். அதைக் குளிர்விக்கும் கோபுரத்தில் தண்ணீரை ஆவியாக்கித் தணித்தால் ஏறத்தாழ 3 கன மீற்றர் ஆவியாகும். மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போவதால் ஒரு பங்கை இடைக்கிடை வெளியேற்றவும் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மெகாவாற் மணிக்கு 4 கன மீற்றர் என்று வைத்தால், முழு வேகத்தில் ஓடும் நாளில் ஏறக்குறைய 1,000 கன மீற்றர். வருடத்துக்கு 300 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி).

சரி, 300 ஏக்கர் அடி பெரிதா? கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாயும்போது நூறாயிரம் ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். அதோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. நிலையம் போட வருபவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள், கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் வன்னியின் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். அதன்பின் குளத்தில் நிற்பதை வைத்துத்தான் சிறுபோகம். பெரும்போகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கும் இரணைமடுவின் கீழ், சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பதைத் தண்ணீர் அளவு பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். யாருக்குப் பங்கு, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் அங்கே பேசித் தீர்ப்பது. மழை பிழைத்த வருடத்தில் கமக்காரர் விதைக்காமல் விடுகிறார். மின் நிலையம் அப்படி விடாது. ஆவணி, புரட்டாதியில் குளத்தின் அடி தெரியும்போதும் அதற்கு அதே 1,000 கன மீற்றர் வேண்டும். அந்த 300 ஏக்கர் அடியால் சிறுபோகத்தில் 60, 70 ஏக்கர் நெல் விளையும். பங்கு கேட்டு வருவது சிறிய ஆள்தான். ஆனால் வறட்சியிலும் தன் பங்கைக் குறைக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் கேட்கும் ஆள்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்குக் கொண்டுபோகும் திட்டம் என்ன பாடுபட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். குடிக்கக் கேட்ட தண்ணீருக்கே அவ்வளவு எதிர்ப்பு. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளுக்கு 24,000 கன மீற்றர் எடுக்கும் ஆலை கட்டி 2024 ஆவணியில் திறந்தார்கள். குடிநீருக்குக் கடலை நாடிய வடக்கில், டர்பைனுக்குக் குளத்தைத் திறக்கச் சொல்வது நியாயமில்லை. குளத்துத் தண்ணீர் என்ற தெரிவை நான் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை எதுவாக இருந்தாலும் இதே பதில்தான்.

குழாய்க் கிணறு இன்னும் மோசம். வவுனியாப் பக்கம் நிலத்தடி பெரும்பாலும் கருங்கல் பாறை. மேலே உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும் நிற்கும் நீர்தான் கிணற்றுக்கு வருகிறது. மன்னார், முருங்கன் பக்கத்துச் சுண்ணக்கல்லில் நீர் கூடுதலாக உண்டு என்றாலும் அதற்கும் குடிக்கவும் விதைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கும் கிராமங்கள் உள்ள மாவட்டத்தில் நிலத்தடி நீரைக் கோபுரத்தில் ஆவியாக்குவது பற்றிப் பேசுவதே கூடாது. தவிர, அந்தத் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் குழாய்களில் சுண்ணாம்பு படியும்.

கடல்நீருக்கு வருவோம். நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் கடல்நீரை எடுத்து, ஒருமுறை ஒடுக்கியூடாக ஓடவிட்டு, சூடாகவே கடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. நல்ல தண்ணீர் செலவாகாது. ஆனால் இந்த முறைக்கு அளவு பெரிது. நமது 10 மெகாவாற்றுக்கே, தண்ணீரை 8 பாகை மட்டும் சூடேற்றினால் போதும் என்றால், செக்கனுக்கு 700 லீற்றர், நாளுக்கு 60,000 கன மீற்றர் ஓட வேண்டும். ஆழக் கடல் அதைத் தாங்கும். நந்திக்கடலும் கொக்கிளாயும் தாங்காது; கோடையில் களப்பு வற்றி ஆழம் குறைந்திருக்கும் காலத்தில் சூட்டுத் தண்ணீரை விட்டால் இறாலும் மீனும் என்னாகும் என்று முல்லைத்தீவில் தொழில் செய்பவர்களைக் கேட்டாலே போதும். கடலுக்குள் நீளமாகக் குழாய் போட்டு, உப்பரிக்காத உலோகத்தில் ஒடுக்கி செய்து, விறகை உள்ளூரிலிருந்து கரைக்கு ஏற்றி வருவதென்றால் 10 மெகாவாற் நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது. பெரிய நிலையம் என்றால் கட்டுப்படியாகும். அப்படி ஒன்றை முல்லைத்தீவுக் கரையில் நான் விரும்பவில்லை.

மிஞ்சுவது இரண்டு: நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாவிப்பது, அல்லது தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிர்விப்பது. உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்.

கழிவுநீர்

கழிவுநீரால் மின் நிலையத்தைக் குளிர்விப்பது புதுமையில்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் பாலோ வெர்டே என்ற அணுமின் நிலையம் 1986 முதல் இயங்குகிறது. ஏறத்தாழ 3,900 மெகாவாற். பக்கத்தில் கடலோ பெரிய ஆறோ இல்லை. பீனிக்ஸ் நகரப் பகுதியின் கழிவுநீரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர் குழாயில் கொண்டுவந்து, தன் சொந்த ஆலையில் மறுபடி சுத்திகரித்து, வருடத்துக்கு 75 மில்லியன் கன மீற்றர் அளவில் பாவிக்கிறது. இந்தியாவில் 2016 மின்கட்டணக் கொள்கை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீற்றருக்குள் இருக்கும் அனல்மின் நிலையங்கள் அந்தச் சுத்திகரித்த நீரையே பாவிக்க வேண்டும் என்று சொல்கிறது. நாக்பூர் நகரத்தின் கழிவுநீர் நாளுக்கு 130 மில்லியன் லீற்றர் என்ற திட்ட அளவில் கோராடி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது.

இந்த நீரின் பெரிய குணம், அது மழையைப் பார்த்து வருவதில்லை. ஆவணியிலும் மனிதர் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், கழிப்பறை பாவிக்கிறார்கள். வன்னியில் வருடம் முழுவதும் ஒரே அளவில் வரக்கூடிய நல்ல தண்ணீர் வேறு கிடையாது. சிறுபோகக் கூட்டத்தில் இதற்காக யாரோடும் மல்லுக்கட்டவும் தேவையில்லை. கொள்கையளவில் எனக்கு இதுதான் முதல் தெரிவு.

ஆனால் கழிவுநீரை அப்படியே கோபுரத்தில் ஊற்ற முடியாது. அதிலுள்ள அமோனியா, பித்தளை போன்ற செப்புக் கலவைக் குழாய்களை அரித்து வெடிக்க வைக்கும். சவர்க்காரத்திலிருந்தும் மலசலத்திலிருந்தும் வரும் பொசுபேற்று, கல்சியத்தோடு சேர்ந்து குழாய்ச் சுவரில் கல்லாகப் படியும். கரிமப் பொருள் இருந்தால் பாசியும் கிருமிப் படலமும் வளரும். பாலோ வெர்டேயில் கிருமிப் படுகைகளில் அமோனியாவை நீக்கி, சுண்ணாம்பு போட்டுக் கல்சியம், மக்னீசியம், சிலிக்கா, பொசுபேற்று எல்லாவற்றையும் இறக்கி, வடிகட்டி, அதன்பிறகுதான் கோபுரத்துக்கு விடுகிறார்கள். வன்னித் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது. குழாய் நீராக வீட்டுக்குள் போகும்போதே கல்சியம் உண்டு. கழிவுநீராக வெளியே வரும்போது உப்பும் கூடியிருக்கும். சுண்ணாம்பு இறக்கும் கட்டம் இங்கே கட்டாயம். அதற்கு ஆளும் இரசாயனமும் நாள்தோறும் வேண்டும்.

கோபுரத்திலிருந்து பறக்கும் நுண்ணிய திவலைகளையும் மறக்கக் கூடாது. லெஜியோனெல்லா என்ற கிருமி குளிர்விக்கும் கோபுரங்களின் இளஞ்சூட்டு நீரில் வளர்ந்து, திவலையோடு காற்றில் போய் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும். கலிபோர்னியாவில் திவலை பறக்கும் கோபுரத்துக்கு மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துக் கிருமி நீக்கிய நீரையே விடலாம் என்று சட்டம். நமக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு: நமது பெரிய காற்றுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில், எதிரெதிராக வீசுகின்றன. சோளகம் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. ஆகவே கோபுரத்தை ஊருக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ வைத்தால் வருடத்தில் பெரும்பாலான நாள் திவலை ஊருக்குள் வராது. இடம் தெரிவு செய்யும்போது காணி விலையைப் பார்க்கும் அளவுக்கு இதையும் பார்க்க வேண்டும்.

இனி அரிசோனாவிலிருந்து இங்கே கொண்டுவர முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பு ஏறிய மிச்சத் தண்ணீரை அங்கே பெரிய குளங்களில் விட்டு வெயிலில் ஆவியாக்கிவிடுகிறார்கள். பீனிக்ஸில் வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழைகூட இல்லை. வன்னியில் 1,200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. வெயிலில் ஆவியாவதிலிருந்து மழையைக் கழித்தால் வருடத்துக்கு அரை மீற்றர் அளவே மிஞ்சும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நமது சிறிய நிலையம் தண்ணீரை நான்கு மடங்கு செறிவுவரை பாவித்து மிச்சத்தை வெளியேற்றினால் நாளுக்கு 250 கன மீற்றர். அதை ஆவியாக்க 18 ஹெக்ரயர், அதாவது 45 ஏக்கர் குளம் வேண்டும். நன்றாகச் சுத்திகரித்துப் பத்து மடங்கு செறிவுவரை போனால் 15 ஏக்கராகக் குறையும். கார்த்திகையில் ஒரு தாழமுக்கம் வந்து இந்தக் குளம் நிரம்பி வழிந்தால், அந்த உப்பும் இரசாயனமும் போகும் வழி கீழே உள்ள வயலும் அடுத்த குளமும்தான். வன்னிக் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடுத்தவை. மேலே விட்டது கீழே வந்தே தீரும். கழிவுநீர்த் தெரிவின் பலவீனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. மலம் கலந்த தண்ணீரா என்று முகம் சுளிப்பதை நல்ல சுத்திகரிப்பால் தீர்க்கலாம். உப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை. எங்காவது கொண்டுபோய் வைத்தே ஆக வேண்டும்.

சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வடக்கில் யாருக்கும் மறக்கவில்லை. அது உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. மின் நிலையம் வெளியே விடும் எதையும் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் அதன்பிறகு கூர்மையாகிவிட்டன. அது நல்லதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: அந்தக் கழிவுநீர் எங்கே இருக்கிறது? பீனிக்ஸிலும் நாக்பூரிலும் நிலத்தடிக் குழாய்கள் வீடு வீடாகச் சேர்த்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டுகின்றன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீட்டுக்கு வீடு மலக்குழி. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, கடைகளின் தண்ணீர் தெரு வடிகாலுக்குப் போகிறது. ஆயிரம் கன மீற்றர் சேர்க்க, ஒருவர் நாளுக்கு 80 லீற்றர் குழாயில் விடுகிறார் என்றால், 12,500 பேரின் வீடுகள் இணைய வேண்டும். வவுனியா நகரில் அவ்வளவு சனம் தாராளமாக உண்டு. குழாய்தான் இல்லை. பவுசரில் உறிஞ்சி வரலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு பவுசர் 5 கன மீற்றர் ஏற்றினால் நாளுக்கு 200 தடவை. அதுவும் மலக்குழிச் சேறு, பல மடங்கு செறிவானது. குளிர்விக்க உதவும் தண்ணீர் அதில் கொஞ்சம்தான்.

காற்று

மற்றத் தெரிவில், டர்பைன் ஆவியை மெல்லிய தகடு பொருத்திய குழாய்களில் விட்டு, கீழிருந்து பெரிய விசிறிகளால் காற்றடித்துத் தணிப்பார்கள். தண்ணீர் ஆவியாவதே இல்லை. தென்னாபிரிக்காவின் மட்டிம்பா நிலையம் ஏறத்தாழ 4,000 மெகாவாற் அளவில் இப்படித்தான் இயங்குகிறது. கோபுரம் வைத்த நிலையங்கள் பாவிக்கும் தண்ணீரில் இருபதில் ஒரு பங்கு அளவே அதற்குச் செலவாகிறது. நமது நிலையம் கொதிகலனுக்கும் கழுவுதலுக்கும் நாளுக்கு 50 கன மீற்றரோடு சமாளிக்கலாம். ஆவியாக்கும் குளம் வேண்டாம், லெஜியோனெல்லாப் பயமும் இல்லை.

இதற்கு விலை உண்டு. முதலீடு கூடும். விசிறிகளே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். நல்ல வெயிலில் காற்று 35, 36 பாகைக்கு ஏறும்போது ஆவி சரியாகத் தணியாமல் உற்பத்தி நூற்றுக்குப் பத்து வரை விழலாம். கச்சான் வறண்டு வீசும் மத்தியானங்கள் எப்படி இருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேகக் காற்று விசிறியின் ஓட்டத்தைக் குழப்பி, வெளிவந்த சூட்டுக் காற்றையே மறுபடி உள்ளே இழுக்கவும் செய்யும்; காற்றின் திசை பார்த்து அமைக்காவிட்டால் இது பெரிய தொல்லை.

ஆனால் நட்டம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்தால் என் மனம் காற்றின் பக்கம் சாய்கிறது. உற்பத்தி விழுவது மத்தியானம் 12 முதல் 4 மணிக்குள். இலங்கையில் மின்சாரத்துக்கு அந்தரப்படும் நேரம் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. மத்தியானத்தில் சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். விறகு மின் நிலையத்தின் பெறுமதியே இருட்டிய பிறகுதான். அப்போது காற்றும் தணிந்திருக்கும், ஒடுக்கியும் ஒழுங்காக வேலை செய்யும். மத்தியானத்தில் இழக்கும் பத்து வீதம் மலிவான பத்து வீதம். வேண்டுமானால் அந்நேரம் நிலையத்தைக் குறைத்து ஓட்டி விறகை மிச்சம் பிடிக்கலாம்.

(காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் குளிர்விப்பே தேவையில்லை என்பது உண்மை. மன்னாரில் 103.5 மெகாவாற் தம்பபவனி ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் சுழல்கிறது. அங்கே மக்கள் எழுப்பும் கேள்விகள் வேறு, அவற்றையும் மதிக்க வேண்டும். இந்தக் கட்டுரை இராமின்சாரத்துக்காக நீராவி நிலையம் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது.)

என் முடிவு

இன்று முடிவெடுக்கச் சொன்னால் காற்றுக் குளிர்விப்பு. ஆனால் அதோடு நிறுத்த வேண்டியதில்லை. காற்று ஒடுக்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஈரக் கோபுரத்தையும் இணைக்கலாம். இரண்டும் சேர்ந்து இயங்கும் அமைப்புகள் உலகில் உண்டு. வெயில் ஏறும் மணித்தியாலங்களில் மட்டும் ஈரப் பக்கம் கைகொடுக்கும். அதற்கு நாளுக்கு 150, 200 கன மீற்றர் போதும். அந்த அளவை நகரம் முழுவதும் குழாய் போடாமலே திரட்டலாம்: பம்பைமடுப் பல்கலைக்கழக விடுதிகள், ஆடைத் தொழிற்சாலைகள், நெல் அவிக்கும் ஆலைகள் போன்று ஒரே இடத்தில் கூடுதலாகத் தண்ணீர் பாவிக்கும் இடங்கள். நெல் ஊறவைத்த தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்தாலே ஊருக்குப் பெரிய உபகாரம். அந்த மணத்தோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். மிச்ச உப்புத் தண்ணீரும் அதற்கேற்பச் சிறிதாகும், அதற்கான குளம் இரண்டு மூன்று ஏக்கருக்குள் அடங்கும், கரையை உயர்த்திக் கட்டி மாரியைத் தாங்க வைக்கலாம்.

வவுனியாவுக்கு நிலத்தடிக் கழிவுநீர்த் திட்டம் என்றாவது வரும்போது, ஈரப் பக்கத்தைப் பெருப்பிப்பதா என்று அப்போது யோசிக்கலாம். அந்தத் திட்டம் நகரத்துக்காக வர வேண்டும்: கிணறுகளில் மலக்குழி நீர் கசியாமல் இருக்க, நகரத்துக் குளங்கள் சாக்கடையாகாமல் இருக்க. மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறோம் என்ற சாட்டில் குழாய் போட்டால், பெரிய கடைத்தெருவுக்கும் விடுதிகளுக்கும் குழாய் போய், கிணறு பழுதாகும் நெருக்கமான குடியிருப்புகள் விடுபடும். சுத்திகரித்த நீருக்கு அப்போது வேறு கைகளும் நீளும்: தென்னைக்கு, மாட்டுப் புல்லுக்கு, நிலத்தடி நீரைப் பெருக்க. பீனிக்ஸிலும் கழிவுநீர் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத பொருள். பிறகு பெறுமதி கூடி, பாலோ வெர்டே 2010இல் நகரங்களோடு 2050 வரைக்கும் புதிய ஒப்பந்தம் எழுத வேண்டி வந்தது. ஆகவே இங்கே எழுதும் ஒப்பந்தம் குறுகியதாக இருக்கட்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விலையும் அளவும் திருத்தக்கூடியதாக இருக்கட்டும். தண்ணீர் நகரசபையின் சொத்து என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

கிளிநொச்சியில் கேட்டால் பதில் இன்னும் சுருக்கம். காற்றால் குளிர்விக்க முடிந்தால் கட்டலாம்; முடியாது என்றால் வேண்டாம். இரணைமடுவிலிருந்தோ கனகராயன் ஆற்றிலிருந்தோ ஒரு குழாய்கூட நிலையத்தின் வரைபடத்தில் இருக்கக் கூடாது. அவசரத்துக்கு மட்டும் என்று புள்ளிக்கோட்டில் வரைந்திருந்தாலும் கமக்காரர் அமைப்புகள் அதைப் பார்த்து அழிக்கச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவசரம் எந்த மாதத்தில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.